பழைய காரின் வெள்ளிக் கோடு



தெருவில் தொலைவில் வரும் ஒரு பழைய மோட்டார் காரை, அது இன்ன கார் என்று நாம் எப்படி அறிந்துகொள்கிறோம்? எஞ்சினைப் பார்த்து அல்ல. அது மூடியின் கீழே மறைந்து கிடக்கிறது. சக்கரங்களைப் பார்த்தும் அல்ல. முகத்தில் மின்னும் கம்பிச் சட்டமும், பக்கவாட்டில் ஓடும் வெள்ளிக் கோடும், மூக்கின் மேல் பதித்த பெயரெழுத்துகளுமே அதன் பெயரை நமக்குச் சொல்லுகின்றன. இவற்றைப் பட்டறைக்காரர்கள் ‘பீடிங்’ என்றும் ‘மோல்டிங்’ என்றும் வழங்குவார்கள். நான் அணிப்பட்டை என்று சொல்லப் போகிறேன். பொருள் விளங்கினால் போதும். பெயருக்காக நாம் சண்டையிட வேண்டியதில்லை.

ஐம்பது, அறுபது ஆண்டுகள் ஓடிய கார்களில் முதலில் தொலைவது இந்த அணிப்பட்டைகள்தாம். ஒரு மாட்டு வண்டி உரசிப் போகும். ஒரு துண்டு போய்விடும். மறு வண்ணம் பூசுவதற்காகக் கழற்றி மூலையில் வைப்பார்கள். வண்ணம் காய்ந்து கார் வீட்டுக்குப் போன பிறகும் அது மூலையிலேயே கிடக்கும். பிறகு பழைய இரும்புக்காரன் கூடையில் ஏறிவிடும். இப்படித் தொலைந்த துண்டை மறுபடி செய்து, உரிய இடத்தில், உரிய முறையில் பொருத்துவது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள். தொழிற்பட்டறை ஆசிரியனாகப் பல ஆண்டுகள் இருந்தவன் நான். இந்த வேலையைக் கையால் செய்தும், செய்வோர் அருகில் நின்றும் அறிந்தவற்றையே சொல்லுகிறேன். பள்ளியில் நீங்கள் படிக்கும் வேதியியலும் பௌதிகமும் ஒரு மெல்லிய தகட்டுத் துண்டுக்குள் எப்படி ஒளிந்திருக்கின்றன என்பதும் கூடவே தெரிய வரும்.

முதலில் இந்தப் பளபளப்பின் வரலாற்றைச் சற்றே பார்ப்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கார்களில் விளக்கும் சட்டமும் பித்தளையாக இருந்தன. பித்தளை அழகானது, ஆனால் நாள்தோறும் துலக்க வேண்டியது. நம் வீட்டுக் குத்துவிளக்கை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுத்து நிக்கல் முலாம் வந்தது. அது பித்தளையைவிட மேல். எனினும் மெல்ல மெல்ல மஞ்சள் பாய்ந்து மங்கும். 1920-களின் பிற்பகுதியில் குரோமிய முலாம் கார்களுக்குப் பரவியது. நீல நிறம் கலந்த அந்த வெண்மை துடைத்தால் போதும், துலக்க வேண்டாம் என்பதால் உலகமெங்கும் அது வென்றது. பின்னர் எவர்சில்வர் பட்டையும், மின்னாற்றலால் மேற்பரப்பைக் கெட்டிப்படுத்திய அலுமினியப் பட்டையும் சேர்ந்துகொண்டன. ஆகவே ஒரு பழைய காரில் வெள்ளியாக மின்னுவதெல்லாம் ஒரே உலோகம் அன்று. இதை மறந்தவர்கள் ஒரே பொடியைப் போட்டு எல்லாவற்றையும் தேய்த்து, பாதியைப் பாழாக்குவார்கள்.

பொதுவாகப் பேசிக்கொண்டு போனால் பொருள் நழுவிவிடும். நம் சென்னையிலேயே உருவான ஒரு காரை எடுத்துக்கொள்வோம். ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் கார் வண்டலூரை அடுத்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் செய்யப்பட்டது. அதன் மூலவடிவமான டிரயம்ப் ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் கவெண்ட்ரி நகரத்திலிருந்து வெளிவந்தது. வடிவம் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கலாட்டி. கூரிய விளிம்பும் நேர்க்கோடுமாக அவர் அமைத்த அந்த உருவத்துக்குப் பட்டைகள் கண்ணுக்கு மை தீட்டியதைப் போல அமைந்தன.

இந்தக் காரின் உடல் அமைந்த விதத்தில் ஒரு சுவையான செய்தி உண்டு. அந்நாளில் மற்ற நிறுவனங்கள் அடிச்சட்டமும் உடலும் ஒன்றேயான கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு உடல் செய்து தந்த பிஷர் அண்டு லட்லோ என்னும் தொழிற்சாலையை 1953-இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்து வாங்கும் வழி அடைபட்டது. எனவே தனி அடிச்சட்டம் ஒன்றை அமைத்து, உடலைப் பல துண்டுகளாகப் பல இடங்களில் செய்வித்து, போல்ட்டுகளால் முடுக்கிச் சேர்த்தார்கள். கைநெருக்கடியில் பிறந்த இந்த ஏற்பாடு, துண்டுகளாகக் கப்பலேற்றிப் பிற நாடுகளில் பூட்டுவதற்கு மிகவும் வசதியாக அமைந்தது. நம் நாட்டுக்கும் அது அந்த வழியாகவே வந்தது. பின்னாளில் நான்கு கதவு கொண்ட ஹெரால்டை இந்தியாவில் மட்டுமே செய்தார்கள். 1970-களில் கெஸல் என்ற பெயரில் அதன் வழித்தோன்றல் வந்தது. 1980-களின் இறுதியில் அந்தத் தொழிற்சாலையில் கார் உற்பத்தியே நின்றுபோயிற்று.

துண்டுகளைச் சேர்த்துச் செய்த உடல் என்றால், துண்டுகள் சந்திக்கும் இடத்தில் மடிப்பு தெரியத்தானே செய்யும்? அந்த மடிப்புகள் சிலவற்றை மூடுவதற்கே உலோகப் பட்டை போட்டார்கள். நம் பெண்மக்களின் சேலையில் இரு துணிகள் சேரும் தையலைக் கரை மறைப்பதில்லையா, அதுபோல. ஆகவே ஹெரால்டில் பட்டை வெறும் அலங்காரம் அன்று. அதை எடுத்துவிட்டால் தையல் தெரியும். தையலில் மழைநீர் இறங்கும்.

நீர் இறங்கினால் என்ன நேரும் என்பதை ஒரு நிகழ்ச்சியால் சொல்லுகிறேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் தம் கணவரின் ஹெரால்டு காரை எங்களிடம் கொண்டுவந்தார். கணவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இடப்பக்கத்தில் கதவுக்கோடு ஒன்றும், பின்புற இறக்கைத் தகட்டின்மேல் ஓடும் மடிப்புப்பட்டை ஒன்றும் இல்லை. எங்கோ ஒரு பட்டறையில் வண்ணம் பூசியபோது தொலைந்தவை அவை. உடன் வந்த மகன், காரை விற்றுவிடலாம் என்ற எண்ணத்தில் இருந்தார். அவர் சொன்ன வழி மிக எளிது. “வலப்பக்கத்தில் இருப்பதையும் எடுத்துவிடுங்கள். துளைகளை அடைத்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஆகிவிடும். வாங்குகிறவனுக்கு என்ன தெரியப்போகிறது?” என்றார். அந்த அம்மையாரோ, “தம்பி, அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்தக் கோட்டைத்தான் முதலில் துடைப்பார். காரை விற்றாலும் விற்காவிட்டாலும் இது இதன் இடத்தில் இருக்க வேண்டும்” என்றார்.

இருவர் பேச்சையும் கேட்டுக்கொண்டு, தகரவேலை செய்யும் எங்கள் மேஸ்திரி ஒரு காரியம் செய்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்து, பட்டை இல்லாத மடிப்பின் ஓரமாக மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். சில இடங்களில் அது ‘டக்’ என்று ஒட்டியது. ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டவே இல்லை, வழுக்கி விழுந்தது. அங்கே எஃகு இல்லை, கெட்டியாகப் பூசிய மக்குத்தான் இருக்கிறது என்பது இதன் பொருள். மக்கைச் சுரண்டினோம். உள்ளே தகடு சல்லடையாக இருந்தது. பட்டை போனதும் மழைநீர் மடிப்பில் இறங்கி, துரு தின்று, துருவின்மேல் மக்குப் பூசி, மக்கின்மேல் வண்ணம் பூசி, யாரோ முன்பே கண்ணை மூடிவிட்டார்கள்.

இப்பொழுது கேள்வி வேறாகிவிட்டது. புதுப்பட்டை ஒன்றை மேலே அழுத்திவிட்டால் சல்லடை மறைந்துவிடும், கார் மின்னும், விலையும் கிடைக்கும். மகன் சற்றுத் தயங்கி, “முதலில் பட்டையைப் போட்டுவிடுங்களேன், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றார். அம்மையார் ஒன்றும் பேசாமல் அந்த ஓட்டையில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். பிறகு, “இதை மூடித் தர மாட்டீர்கள் அல்லவா?” என்று மேஸ்திரியைக் கேட்டார். அவர், “தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்காமல் நான் பட்டையைத் தொட மாட்டேன் அம்மா. நாலு வாரம் ஆகும், செலவும் ஆகும்” என்றார். நாலு வாரம் என்றே முடிவாயிற்று.

நண்பர்களே, பட்டையின் அடியில் துரு ஏன் இவ்வளவு விரைந்து பரவுகிறது? வேறுபட்ட இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, இடையில் உப்புநீர் இருந்தால், அங்கே ஒரு சிறு மின்கலம் தோன்றிவிடும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். எவர்சில்வர் பட்டையும் எஃகுத் தகடும் சேர்ந்த இடத்தில் எஃகு தேய்கிறது. அலுமினியப் பட்டையை எஃகுத் திருகால் முடுக்கினால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்கிறது. சென்னைக் கடற்காற்றில் உப்புக்குப் பஞ்சமில்லை. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மழைநீர் வெயிலில் உலர்ந்துவிடும். பட்டையின் மறைவிலோ அது நாட்கணக்கில் தங்கும். துருவானது தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தைப் பிடித்துக்கொள்வதால், உள்ளிருந்தே வண்ணத்தைத் தூக்கி உப்பவைக்கும். பட்டையின் ஓரத்தில் வண்ணம் கொப்புளம் போலக் கிளம்பியிருந்தால், கேடு வெளியே தொடங்கவில்லை, உள்ளிருந்து வந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இனி, காணாமற்போன துண்டை எங்கே தேடுவது? சென்னையில் புதுப்பேட்டையை அறியாத கார்க்காரர் இல்லை. கூவம் ஆற்றை ஒட்டிய அந்தத் தெருக்களில் பிரித்துப்போட்ட கார்களின் கதவும் கண்ணாடியும் விளக்கும் மலையாகக் கிடக்கும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உதிரி உறுப்புக் கடைகள் வரிசையாக உண்டு. பொறுமையோடு இரண்டு இடத்திலும் அலைந்தால் கிடைக்கக்கூடும். ஆனால் எச்சரிக்கை வேண்டும். வேறு ஆண்டுக் காரின் பட்டையை ‘இதேதான்’ என்று நீட்டுவார்கள். அகலத்தில் ஒரு நூல் வேறுபாடு கையில் தெரியாது. காரில் வைத்தவுடன் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். இன்னொன்றும் மறக்கலாகாது. இடப்பக்கத் துண்டும் வலப்பக்கத் துண்டும் நம் இரு கைகளைப் போன்றவை. ஒன்றைப்போல மற்றொன்று இருக்கும். ஒன்றை மற்றொன்றாக வைக்க முடியாது. முனை சரியும் பக்கத்தைப் பார்த்தே வாங்க வேண்டும்.

கிடைத்த துண்டு எந்த உலோகம் என்று அறிவது அடுத்த படி. கையில் தூக்கிப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், எஃகு ஏறக்குறைய 7.8 கிராம்; பித்தளை அதற்கும் மேல். காந்தத்தை மட்டும் நம்பக் கூடாது. எவர்சில்வரில் சில வகை காந்தத்தில் ஒட்டும், சில வகை ஒட்டாது. பெயரெழுத்தும் கைப்பிடியும் பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பாக இருக்கும். இதை மஸாக் என்றும் ஸமாக் என்றும் அழைப்பார்கள். துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மானியப் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து ஸமாக் என்ற சொல்லைச் செய்தார்கள். இதில் அலுமினியம் நூற்றுக்கு 4 பங்கு. 390 டிகிரி சென்டிகிரேடுக்குள்ளேயே உருகிவிடும் என்பதால் அச்சில் அழுத்தி வார்க்க எளிது. ஆனால் முதுமையில் அதன் முகத்தில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழும். அந்தக் குழிகள் மேலே உள்ள முலாமில் பிறந்தவை அல்ல; அடியிலிருந்து கிளம்பியவை. எனவே தேய்த்துப் போக்க முடியாது.

எங்கள் ஹெரால்டுக்குப் புதுப்பேட்டையில் பட்டை கிடைக்கவில்லை. செய்தே தீர வேண்டியதாயிற்று. வலப்பக்கத்தில் இருந்த துண்டு அலுமினியம். அதை மாதிரியாக வைத்து, அதன் குறுக்குவெட்டை ஒரு தகட்டில் வெட்டி எடுத்தோம். அதே வடிவத்தில் தேக்குக் கட்டையில் ஒரு வரம்பு செதுக்கி, அதன்மேல் மெல்லிய அலுமினியத் தகட்டை வைத்து, மரச்சுத்தியால் ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக மடித்தார் மேஸ்திரி. ஒரே அடியில் மடித்தால் தகடு நெளியும். நீளம் முழுவதையும் ஒரு முறை சிறிது மடக்கி, மறுபடி தொடக்கத்துக்கு வந்து மேலும் சிறிது மடக்க வேண்டும். ஏழெட்டு முறை அவர் இவ்வாறு போய் வந்தார். இரும்புச் சுத்தியல் பக்கமே அவர் கை போகவில்லை.

பெயரெழுத்து தொலைந்திருந்தால் வேலை இன்னும் நுட்பமாகும். வேறொரு காரிலிருந்து இரவல் வாங்கிய எழுத்தை மணலில் பதித்துப் பித்தளையில் வார்க்கலாம். சுவாமிமலை ஸ்தபதிகள் திருவுருவங்களை வார்ப்பது போல மெழுகு கொண்டும் வார்க்கலாம். இரண்டிலும் ஒரு வலை காத்திருக்கிறது. உருகிய பித்தளை இறுகி ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை சுருங்கும். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள பெயர், வார்த்து எடுத்தபின் ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர் குறைந்திருக்கும். கண்ணுக்கு அது பெரிதன்று. ஆனால் பெயரின் பின்புறத்து ஊசிகள் காரின் துளைகளில் நுழையாது. ஆகவே அச்சுக் கலைஞர்கள் சுருக்கத்தை எண்ணி மாதிரியையே சற்றுப் பெரிதாகச் செய்வார்கள். ஊசிகளைத் தனியே வைத்துப் பற்றவைப்பது இன்னும் நல்லது.

முலாம் பூசுவதைப் பற்றி நான் சிறிது நின்று பேச வேண்டும். குரோம் முலாம் என்கிறோமே, அதில் குரோமியத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நீங்கள் எழுதும் தாள் அதைவிட நூறு மடங்கு தடிப்பு. அவ்வளவு மெல்லிய படலத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் நிறைய உண்டு. நீரை அது தடுக்காது. உண்மையில் காப்பது அதன் அடியில் உள்ள நிக்கல். நிக்கலின் அடியில் செம்பு. செம்பை மெருகேற்றி, நிக்கலைத் தடிப்பாகப் பூசி, கடைசியில் ஒரு மூச்சுப் போல குரோமியத்தைப் பூசுகிறார்கள். மலிவாகச் செய்பவர்கள் குறைப்பது நிக்கலைத்தான். கடையிலிருந்து வரும்போது இரண்டும் ஒரே பளபளப்புத்தான். ஒரு மழைக்காலம் போனால் வேறுபாடு தெரியும்.

அந்தத் தொட்டியில் உள்ள குரோமிக் அமிலம் கொடிய நஞ்சு. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோய் விளைவிப்பது; அதன் புகையில் நாளெல்லாம் நிற்கும் தொழிலாளியின் மூக்கின் நடுத்தண்டில் புண் விழும், ஓட்டையே விழும். நம் மாநிலத்தில் இராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவுக் குவியல், சுற்றிலும் உள்ள நிலத்தடி நீரைக் கெடுத்த கதை யாவரும் அறிந்ததே. காற்று உறிஞ்சியும் கையுறையும் கழிவுநீரைத் தூய்மை செய்யும் ஏற்பாடும் இல்லாத முலாம் பட்டறைக்கு எந்தப் பொருளையும் நான் அனுப்புவதில்லை. விலை சிறிது கூடும், கூடட்டும். எவர்சில்வரிலும் அலுமினியத்திலும் செய்யக்கூடிய துண்டுகளுக்கு முலாமே தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பழைய அலுமினியப் பட்டை மங்கியிருந்தால் அதன்மேல் உள்ள கெட்டிப் படலத்தை நீக்காமல் மெருகேற்ற முடியாது. காஸ்டிக் சோடாக் கரைசல் அதை நீக்கும். ஆனால் அது அலுமினியத்தையும் தின்னும். தின்னும்போது நீரகவாயு கிளம்பும். அருகில் நெருப்பு ஆகாது; கண்ணுக்குக் காப்பின்றிக் கிட்டவே போகலாகாது. மாணவர்கள் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்; ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் செய்ய, தள்ளி நின்று பாருங்கள்.

பட்டை தயாராகிவிட்டது. எங்கே வைப்பது? இதுவே எல்லாவற்றிலும் கடினமான வேலை. பழைய துளைகள் அடைபட்டிருக்கும். கதவின் உள் அட்டையைக் கழற்றி, உட்புறத்தைக் கையால் தடவினால் அடைத்த துளையின் தழும்பு அகப்படும். அகப்படாவிட்டால், நல்ல பக்கத்தின்மேல் பட்டர் தாளை ஒட்டி, கோட்டையும் துளையையும் கதவின் ஓரங்களையும் பென்சிலால் எடுத்து, தாளைத் திருப்பி மறுபக்கத்தில் ஒட்ட வேண்டும். அளவைக் கதவின் ஓரத்திலிருந்தும் சக்கர வளைவிலிருந்தும் எடுக்கலாம், பம்பரிலிருந்து எடுக்கலாகாது. பம்பர் எத்தனை இடி வாங்கி எத்தனை முறை நகர்ந்ததோ, யார் கண்டார்கள்!

சிலர் நீர்மட்டக் கருவியைக் கொண்டுவந்து கதவில் வைப்பார்கள். கட்டடத்துக்கு அது சரி. கார் வில்லின்மேல் நிற்கும் பொருள். ஒரு சக்கரத்தில் காற்றுக் குறைந்தாலும் சாயும். அதன் கோடு பூமிக்கு இணையாக இருக்க வேண்டியதில்லை. உடலின் விளிம்புக்கு இணையாக இருக்க வேண்டும். பழைய கதவுகள் கீலில் தேய்ந்து தொங்கியிருக்கும். தொங்கிய கதவுக்கு ஏற்பப் பட்டையை வைத்துவிட்டு, பிறகு கீலைச் சரிசெய்தால், கோடு படிக்கட்டாக ஏறிவிடும். கதவை முதலில் நேராக்க வேண்டும், பட்டை பிறகு. இவ்வளவும் முடிந்தபின் ஒட்டும் நாடாவால் கோட்டை அமைத்து, மாலை வெயில் சாய்ந்து விழும் வேளையில் பத்தடி பின்னால் போய் நின்று பார்ப்போம். அளவுகோல் சரி என்று சொல்லியும் கண் தவறு என்று சொன்னால், நான் கண்ணின் பக்கமே நிற்பேன். அந்நாளைய கார்களில் இடம் வலம் இரண்டும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒத்திருந்ததாக எண்ண வேண்டாம்.

துளையிடுவதற்கு முன்னும் ஒரு யோசனை வேண்டும். இக்காலத்தில் இருபுறமும் பசையுள்ள நுரைநாடா கிடைக்கிறது. புதுக் கார்களின் பட்டைகள் பல அதனாலேயே நிற்கின்றன. பழைய காரில் முன்பு துளை இருந்த இடத்தில் துளையே இட வேண்டும் என்பது என் கருத்து. துளை இருந்ததா என்பது உறுதியாகத் தெரியாதபோது நாடாவே மேல். ஏனெனில் நாடாவைத் தூண்டில் நரம்பால் அறுத்து எடுத்துவிடலாம். துளையை எடுக்க முடியாது. இந்த உடலுக்கு இனி ஒரு தொழிற்சாலை தகடு அடிக்கப் போவதில்லை. நண்பர் ஒருவர் இதில் என்னோடு உடன்படமாட்டார். நாடா ஒட்டிய பழைய கார் பொய்ப்பல் கட்டியதைப் போன்றது என்பார். பொய்ப்பல்லாலும் மென்று தின்ன முடிகிறதே என்பேன் நான்.

துளையிடுவதாக முடிவானால், கூர் உளியால் சிறு குழி தட்டி, முதலில் மெல்லிய துரப்பணம், பிறகு உரிய அளவு. கதவின் உள்ளே கண்ணாடியும் அதை ஏற்றி இறக்கும் பொறியும் உண்டு. துரப்பணம் ஆழமாகப் பாயாதபடி அதன் தண்டில் ஒரு மரக்கட்டையைக் கோத்துக்கொள்வது நல்லது. துளையின் பிசிறை நீக்கி, வெட்டுவாயில் துத்தநாகப் பூச்சு இரண்டு முறை தடவி, அது நன்றாகக் காய்ந்தபின்பே கிளிப்பை வைக்க வேண்டும். பெரும்பாலோர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். துளையின் ஓரம் பச்சை எஃகு. துருவுக்கு அதுதான் வாசல். கிளிப் கிடைக்காதபோது, பெட்டிகளைக் கட்டும் எஃகுப் பட்டையை வெட்டி மேஸ்திரி கிளிப் செய்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு வில்தன்மை இருப்பதால் நன்றாகவே பிடித்தது. ஒவ்வொரு கிளிப்பின் அடியிலும் ரப்பர் வளையம் ஒன்று, சுற்றிலும் சிறிது மெழுகு. உலோகமும் உலோகமும் தொடாமல் இருப்பதற்கே இத்தனையும்.

பட்டையை எல்லா இடத்திலும் இறுக்கிவிடலாகாது. 1 மீட்டர் அலுமினியம் 40 டிகிரி வெப்பம் ஏறினால் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் நீளும். அதே நீள எஃகு 0.5 மில்லிமீட்டர்தான் நீளும். விடியற்காலைக்கும் சித்திரை நண்பகலுக்கும் இடையே கார்த் தகட்டின் சூடு அவ்வளவு ஏறத்தான் செய்கிறது. நடுவில் ஒரு கிளிப்பை இறுக்கி, மற்றவற்றில் பட்டை சற்றே நழுவ இடம் விட்டால் அது மூச்சு விடும். இல்லையேல் வெயிலில் வயிறு உப்பி நிற்கும். கதவின் முனையில் அடுத்த துண்டுக்கும் இதற்கும் இடையே கதவின் இடுக்கு அளவு விட வேண்டும்; ஒட்டி வைத்தால் கதவைத் திறந்த முதல் நாளே முனை மடங்கும். பொருத்தும்போது சுத்தியல் வேண்டாம். நடுவிலிருந்து இரு முனைக்கும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போனால், கிளிப்புகள் ஒவ்வொன்றாகக் ‘கிளிக், கிளிக்’ என்று பிடிக்கும் ஓசை கேட்கும்.

அந்த ஹெரால்டுக்கு நாலு வாரம் என்பது ஆறு வாரமாயிற்று. அழுகிய தகட்டை வெட்டி, புதியதைப் பற்றவைத்து, மடிப்பின் உள்ளே மெழுகு செலுத்தி, வண்ணம் ஊறிக் காய்ந்தபின் பட்டை ஏறியது. புதுப் பட்டையின் உட்புறத்தில், யாருக்கும் தெரியாத இடத்தில், செய்த ஆண்டை மேஸ்திரி ஊசியால் கீறிவைத்தார். இது தொழிற்சாலைத் துண்டு அன்று, பின்னாளில் செய்தது என்பது கழற்றிப் பார்ப்பவனுக்குத் தெரிய வேண்டும் என்றார் அவர். வெட்டி எடுத்த தகட்டையும் பழுது பார்த்த கணக்கையும் மகனிடமே கொடுத்தோம். வாங்க வருபவரிடம் அதைக் காட்டுவதாக அவரே சொன்னார். அம்மையார் அருகில்தான் நின்றார்.

பொருத்திய பிறகும் சிறிது கவனிப்பு உண்டு. முதல் வாரம் காரைக் கழுவக் கூடாது. கழுவும்போது துணியைப் பட்டையின் நீளவாக்கில் இழுக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் நூல் கிளிப்பில் சிக்கிப் பட்டையைத் தூக்கும். எவர்சில்வருக்கு இரும்பு நார் ஆகாது. அதன் துகள் தங்கித் துருப்பிடித்து, குற்றம் எவர்சில்வர் மேல் விழும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், தை மாதத்தில் ஒரு நாள், கதவின் அடி விளிம்பில் நீர் வடிவதற்காக விட்ட துளைகளில் மெல்லிய மூங்கில் குச்சியை விட்டுப் பாருங்கள். மண் அடைத்திருந்தால் குத்தி எடுத்துவிட்டு, பட்டையின் மேல் ஓரத்தில் ஒரு குவளை நீர் ஊற்றுங்கள். அது கீழ்த்துளை வழியே உடனே வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால் நீர் உள்ளே எங்கோ நிற்கிறது. கதவின் உள் அட்டையைக் கழற்ற வேண்டியதுதான்.